அரச குடும்ப நகையின் தடம் தேடுவது எப்படி: ஆற்காடு வைரங்களை முன்வைத்து ஒரு வழிகாட்டி

ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவிடமிருந்து இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மனைவி அரசி சார்லட்டுக்குப் போன வைரங்களில் துளி வடிவக் கற்கள் இரண்டு உண்டு. ஆற்காடு வைரங்கள் என்றே அவற்றுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஒன்று 33.70 காரட், மற்றது 23.65 காரட். சிறிய கல் 2019 ஜூனில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது அதன் எடை 17.21 காரட்டாக இருந்தது. இடையில் அது காதில் தொங்கியது, டியாரா என்ற தலையணியில் ஏறியது, மறுபடி மறுபடி பட்டை தீட்டப்பட்டது. அரசி அணிந்த நகை இன்று எங்கும் இல்லை. கல் மட்டும் இருக்கிறது, அதுவும் கால் பங்குக்கு மேல் கரைந்து.

அரச குடும்ப நகை என்றால் பெட்டகத்தில் இருநூறு ஆண்டு அசையாமல் கிடந்த பொருள் என்று எண்ணிக்கொண்டு தேட இறங்குபவர்கள் சீக்கிரமே திணறுவது இதனால்தான். நகையை அழித்துச் செய்யும் வழக்கம் நம் வீடுகளைவிட அரண்மனைகளில் அதிகம். முடிசூட்டு விழா, திருமணம், மாறும் நாகரிகம் என்று ஒவ்வொன்றுக்கும் பழையதைப் பிரித்துப் புதியதைக் கட்டினார்கள். ஆகவே நகையைத் தேடாமல், அதிலுள்ள கல், அதைப் பிடித்திருக்கும் கட்டு, அதன்மேல் இருந்த உரிமை ஆகிய மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் சொல்லப்போவது அதைத்தான்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் அரச குடும்பத்தைச் சேர்ந்தவை. வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய ஆவணங்கள் அவர்களுக்கு நிறைய உண்டு. அந்தத் தடங்களில் ஒன்றின் மறுமுனை சேப்பாக்கம் அரண்மனையில் இருப்பது நமக்கு இன்னொரு வசதி.

தாளை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு நகையை மட்டும் தேர்ந்தெடுங்கள். "விக்டோரியாவின் நகைகள்" என்று தொடங்கினால் முடிக்க முடியாது. விரிதாளில் ஆண்டு, கல், கட்டு, உரிமையாளர், அணிந்தவர், ஆதாரம், ஆதாரத்தின் தரம் என்று ஏழு பத்திகள் போடுங்கள். உரிமையாளரும் அணிந்தவரும் வெவ்வேறு பத்திகளில் இருக்க வேண்டும். லவ்வர்ஸ் நாட் டியாராவை டயானா 1981 முதல் பல ஆண்டுகள் அணிந்தார். அது அவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. இரவல் வாங்கியது, திரும்பிப் போனது.

மூன்று தடமும் எப்படிப் பிரிந்து ஓடும் என்பதற்கு விளாதிமீர் டியாராவைவிட நல்ல பாடம் கிடையாது. ரஷ்யாவின் கிராண்ட் டியூக் விளாதிமீரின் மனைவி மரியா பாவ்லோவ்னாவுக்காக போலின் நிறுவனம் 1874இல் செய்தது அது. ஒன்றோடொன்று பின்னிய 15 வைர வளையங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முத்துத் தொங்கல். புரட்சிக் காலத்தில் பெட்ரோகிராட் அரண்மனையிலிருந்து அதை வெளியே கொண்டுவந்தவர் ஆல்பர்ட் ஸ்டாப்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர். 1920இல் மரியா இறந்ததும் மகள் எலெனாவுக்கு வந்தது. 1921இல் இங்கிலாந்து அரசி மேரி அதை விலைக்கு வாங்கினார். 1924இல் முத்துகளைக் கழற்றிவிட்டு 15 மரகதங்களையும் மாட்டிக்கொள்ளும்படி மாற்றச் செய்தார்.

அந்த மரகதங்கள் வேறொரு கதை. அரசி மேரியின் பாட்டி, கேம்பிரிட்ஜ் டச்சஸ் அகஸ்டா, 1818இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த தரும லாட்டரியில் வென்றவை அவை. மகள் மேரி அடலெய்டுக்கும், பிறகு பேரன் ஃபிரான்சிஸுக்கும் போயின. 1910இல் ஃபிரான்சிஸ் இறந்தபோது அவை குடும்பத்துக்கு வெளியே ஒரு பெண்ணிடம் இருந்தன. அரசி மேரி அவற்றைத் திரும்பப் பெற்று, 1911 டெல்லி தர்பாருக்கான நகைத் தொகுதியில் சேர்த்தார். டியாராவை மரகதத்தோடு படத்தில் பார்த்து "ரோமனோவ் மரகதங்கள்" என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கட்டு ரஷ்யாவுடையது, தொங்கல் ஃபிராங்க்ஃபர்ட் லாட்டரியுடையது. தாளை மூன்றாகப் பிரித்திருந்தால் அந்தத் தவறு நேராது.

இன்றிலிருந்து பின்னோக்கி நடங்கள்

பழைய முனையில் தொடங்கி முன்னே வருவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. முகலாயப் பேரரசர் ஒருவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால், வழியில் தென்படும் பெரிய சிவப்புக் கல் எல்லாம் அவருடையதாகத் தோன்றும். நிச்சயமாகத் தெரிந்த கடைசிப் புள்ளியைப் பிடித்து, ஒரு கை ஒரு கையாகப் பின்னே போங்கள்.

ஆற்காடு வைரங்களுக்கு அப்படிச் செய்தால் கிடைப்பது இது. சிறிய கல், 2019 ஜூன், கிறிஸ்டீஸ் ஏலம், நியூயார்க், 33,75,000 டாலர். அதற்கு முன், 1959 ஜூன், சதபீஸ், லண்டன்: வெஸ்ட்மின்ஸ்டர் டியாராவோடு இரண்டு கற்களையும் ஹாரி வின்ஸ்டன் 1,10,000 பவுண்டுக்கு வாங்கினார். வாங்கியவர் மறுபடி பட்டை தீட்டச் செய்ததில் பெரியது 30.99 காரட்டாகவும் சிறியது 18.85 காரட்டாகவும் குறைந்தன. அதற்கு முன், 1930இல் இரண்டாம் வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்குக்காக லக்லோஷ் நிறுவனம் செய்த டியாராவில் இவை ஏறின. அதற்கும் முன், 1837 ஜூலை, லண்டன் ஏலம்: முதல் வெஸ்ட்மின்ஸ்டர் மார்க்விஸ் ராபர்ட் குரோஸ்வனர் 11,000 பவுண்டுக்கு எடுத்தார். அதற்கு முன் அரச நகைக்காரர்களான ரண்டல் அண்ட் பிரிட்ஜ். அவர்களுக்கு முன் அரசி சார்லட், இறப்பு 1818 நவம்பர் 17. அவருக்கு முன் நவாப்.

ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு வரி. இரண்டு வரிகளுக்கு நடுவே பத்தாண்டுக்கு மேல் இடைவெளி இருந்து, "வாரிசு வழி" என்று சொல்லவும் ஆதாரம் இல்லையென்றால் அந்த இடத்தில் சிவப்பு மை அடியுங்கள். மேலே உள்ள சங்கிலியில் சிவப்பு விழும் இடங்கள் இரண்டு: 1818க்கும் 1837க்கும் நடுவே ஒன்று, 1959க்கும் 2019க்கும் நடுவே மற்றது.

பெயர்ப் பட்டியல் இல்லாமல் தேடாதீர்கள்

ஒரே நபர் பழைய ஆவணங்களில் பத்துப் பெயர்களில் வருவார். ஆற்காட்டு நவாப் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தாள்களில் "நபாப்", "கர்நாடிக் நபாப்", "மஹோமட் அல்லி", "வல்லாஜா" என்றெல்லாம் இருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள். தேடலைத் தொடங்கும் முன்பே இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

ஏறக்குறைய 1800 வரை அச்சான ஆங்கிலத்தில் நீண்ட "எஸ்" எழுத்து "எஃப்" போல இருக்கும். கணினி அதை "எஃப்" என்றே படித்துவைத்திருக்கும். "பிரசன்ட்" என்று தேடிக் கிடைக்காத பரிசு "பிரஃபன்ட்" என்று தேடினால் கிடைக்கும். இந்த ஒரு நுணுக்கம் தெரியாததால் "ஆவணமே இல்லை" என்று கைவிடப்பட்ட தேடல்கள் பல.

தேதியிலும் பொறி உண்டு. ரஷ்யா 1918 வரை பழைய நாள்காட்டியையே வைத்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் 12 நாள் வித்தியாசம், 20ஆம் நூற்றாண்டில் 13 நாள். இரண்டு ஆவணங்களில் ஒரே நிகழ்ச்சி பன்னிரண்டு நாள் தள்ளி வந்தால் இரண்டு நிகழ்ச்சிகள் என்று எண்ணிவிடாதீர்கள்.

எந்த ஆவணம் எங்கே

விலைமதிப்புள்ள முதல் ஆவணம் உயில். அரசி சார்லட்டின் உயில் தன் நகைகளை வகை பிரித்தே பேசுகிறது: மன்னர் கொடுத்தவை, ஆற்காட்டு நவாப் கொடுத்தவை, தானே வாங்கியதும் பிறந்தநாள் பரிசாக வந்ததும். மன்னர் கொடுத்தவை ஹனோவர் வம்சத்தின் குலச்சொத்தாகச் சேர வேண்டும். நவாப் கொடுத்தவற்றை விற்று, நான்கு மகள்களுக்குப் பணமாகப் பங்கிட வேண்டும். ஒரே பெட்டியில் இருந்த நகைகள் ஒரே நாளில் வெவ்வேறு சட்டப் பாதைகளில் பிரிந்த இடம் அது. உரிமைப் பத்தியை ஏன் தனியாக வைக்கச் சொல்கிறோம் என்பது இங்கே விளங்கும்.

இங்கிலாந்தில் 1858க்கு முந்தைய உயில்களில் கணிசமானவை லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அரச குடும்ப உயில்களில் மட்டும் ஒரு கதவு சாத்தியிருக்கிறது. 1910இல் இறந்த அதே ஃபிரான்சிஸின் உயில்தான் நீதிமன்ற உத்தரவால் முத்திரையிடப்பட்ட முதல் அரச குடும்ப உயில். அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. 2021இல் இளவரசர் ஃபிலிப்பின் உயில் 90 ஆண்டுகளுக்கு மூடப்பட்டது. எனவே 1910க்குப் பிறகான கைமாற்றங்களுக்கு உயிலை எதிர்பார்க்காமல் புகைப்படம், கண்காட்சிப் பட்டியல், நகைக்கடைப் பேரேடு என்று நகருங்கள்.

இரண்டாவது, வழக்குகள். நகைக்காகச் சண்டை நடந்த இடத்தில் பட்டியல் கட்டாயம் இருக்கும். இரு தரப்பும் ஒவ்வொரு கல்லையும் எண்ணிக் காட்டியாக வேண்டுமே! 1837இல் விக்டோரியா பட்டம் ஏறியதும், அதுவரை இங்கிலாந்து மன்னரின் கீழேயே இருந்த ஜெர்மனியின் ஹனோவர் அரசு தனியாகப் பிரிந்தது. சார்லட்டின் நகைகளில் தங்கள் பங்கைக் கேட்டு ஹனோவர் தரப்பு ஆண்டுக்கணக்கில் வாதாடி 1857இல் வென்றது. மறு ஆண்டு நகைகள் கைமாறின. 1858க்கு முன்னும் பின்னும் விக்டோரியா அணிந்த வைரங்களை ஒன்றென்று கொள்ள முடியாததற்கு இதுவே காரணம். தஞ்சையிலும் இதே கதைதான். 1855இல் இரண்டாம் சிவாஜி இறந்தபின் கும்பினி கைப்பற்றிய சொத்துக்காக ராணி காமாட்சி பாய் தொடுத்த வழக்கு, 1859இல் மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தஞ்சை மராட்டியர் நகையைத் தேடுபவர் அந்த வழக்குத் தாள்களிலிருந்து தொடங்கினால் பாதி வேலை மிச்சம்.

மூன்றாவது, நகைக்கடைப் பேரேடுகள். லண்டன் நகைக்கடையான கராட் நிறுவனத்தின் பழைய கணக்குகள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் ஆவணப் பிரிவில் உள்ளன. இவற்றில் "புதிதாகச் செய்தது" என்ற வரியைவிட, "கல் கழற்றியது", "கூடு மாற்றியது", "சுத்தம் செய்தது" போன்ற சிறு கூலி வரிகளையே தேடுங்கள். தடம் மாறிய நாள் அங்கேதான் பதிவாகியிருக்கும்.

வின்ட்சர் கோட்டையின் அரச ஆவணக் காப்பகத்தில் உள்ள மூன்றாம் ஜார்ஜ் காலத் தாள்கள் 2017 முதல் இணையத்தில் இலவசமாக ஏறிவருகின்றன. சார்லட்டின் தாள்களும் அதில் உண்டு. அரச சேகரிப்பு அறக்கட்டளையின் இணையப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இருக்கும். பெயரைக் குறித்தால் போதாது, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர்கள் மாறும், எண் மாறாது.

நவாப் முனையில் தேட எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்பும் ஆலோசனைப் பதிவுகளும், நவாப்புடனான கடிதப் போக்குவரத்தும் அங்கே இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை அச்சிலும் வந்துள்ளன. மறுபக்கத்துப் பிரதிகளுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகள். நவாப்பின் பரிசுக்குப் பெரும்பாலான ஏலப் பட்டியல்களும் புத்தகங்களும் தரும் ஆண்டு 1777. ஒரு புத்தகம் இன்னொன்றைப் பார்த்து எழுதுவது இந்தத் துறையில் சாதாரணம் என்பதால், இருபது புத்தகங்கள் ஒரே ஆண்டைச் சொன்னாலும் அதை ஒரே ஆதாரமாகவே எண்ணுங்கள். கப்பல் பெயரோ கடிதத் தேதியோ கோட்டைப் பதிவில் கிடைக்கும்வரை அந்த வரிக்குத் தரம் இரண்டுதான்.

தரம் போடும் முறை எளிது. நிகழ்ந்த காலத்திலேயே, பொய் சொல்லக் காரணமில்லாதவர் எழுதிய கணக்கு, ரசீது, சரக்குப் பட்டியல்: தரம் ஒன்று. அக்காலச் செய்தித்தாள், பிற்கால ஏலப் பட்டியல்: தரம் இரண்டு. குடும்ப நினைவு, விற்பவர் சொல்லும் கதை: தரம் மூன்று. மூன்றாம் தர வரிகளை அழிக்க வேண்டாம், சாய்வெழுத்தில் வைத்திருங்கள். சில நேரம் சரியான பெட்டிக்கு வழி காட்டுவது அவைதான்.

எடையில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள்

இன்றைய காரட் என்பது 200 மில்லிகிராம். பிரிட்டன் அதை ஏற்றது 1914இல். அதற்கு முந்தைய ஆங்கிலக் காரட் ஏறக்குறைய 205.3 மில்லிகிராம். பழைய எடையை 1.0265 ஆல் பெருக்கினால் இன்றைய எடை வரும். கோஹினூர் இங்கிலாந்துக்குப் போனபோது 186 1/16 பழைய காரட். பெருக்கினால் 191 காரட். இரண்டு எண்ணும் புத்தகங்களில் உண்டு, இரண்டும் சரி. 1852இல் பட்டை தீட்டியபின் அதன் எடை 108.93 என்று பல பத்தாண்டுகள் அச்சாகி வந்தது. 1992இல் நிறுத்தபோது 105.602தான் இருந்தது. மூன்று காரட் வித்தியாசத்தை வைத்து "கல்லை மாற்றிவிட்டார்கள்" என்று கதை கட்டுவதற்கு முன், எந்தக் காரட், எந்த நாள் எடை, கல்லைக் கழற்றி நிறுத்ததா கட்டோடு மதிப்பிட்டதா என்ற மூன்றையும் கேளுங்கள்.

தென்னிந்திய ஆவணங்களில் வைர எடை "மாஞ்செலின்" என்ற அளவில் வரும். நம் மஞ்சாடிதான் ஐரோப்பியர் வாயில் அப்படி ஆயிற்று. விதையை வைத்து நிறுத்த எடை என்பதால் ஊருக்கு ஊர் வேறுபடும். 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு வைர வணிகர் தவர்னியே கோல்கொண்டாவுக்கு ஒரு கணக்கும் கோவாவுக்கு ஒரு கணக்கும் தருகிறார். ஆகவே மாஞ்செலினைக் காரட்டாக மாற்றும்போது ஆவணம் எழுதப்பட்ட ஊரைப் பக்கத்தில் குறித்துவையுங்கள். சென்னை விலைகள் வராகனில் இருக்கும், அதையும் பவுண்டாக மாற்றி எழுதிவிட்டு மூல எண்ணைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஒரு விதி மட்டும் எப்போதும் பொருந்தும். வைரம் வளராது. பிந்தைய எடை முந்தையதைவிடக் கூடியிருந்தால், ஒன்று அளவு மாறியிருக்கிறது, அல்லது கல் வேறு.

எடை குறைந்த கல்லை அதே கல் என்று நிறுவ வடிவம் துணை வரும். பதினான்காம் லூயி 1673இல் பட்டை தீட்டச் செய்த நீல வைரம் 1792 செப்டம்பரில் பாரிஸில் களவு போனது. இன்று வாஷிங்டனில் உள்ள 45.52 காரட் ஹோப் வைரம் அதிலிருந்து வெட்டியது என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. 2007இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்தப் பிரெஞ்சு நீல வைரத்தின் ஈய வார்ப்பு ஒன்று கிடைத்தது. கணினியில் இரண்டின் வடிவத்தையும் பொருத்தியபோது சிறியது பெரியதற்குள் அடங்கியது. பழைய கல்லின் ஓவியமோ, கண்ணாடி நகலோ, மெழுகு அச்சோ எங்காவது இருக்கிறதா என்று தேடுவது வீண் வேலை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

புகைப்படத்தைப் படிப்பது

1850களுக்குப் பிறகு புகைப்படம் பெருந்துணை. ஓவியத்தை அந்த அளவு நம்ப முடியாது. ஓவியர் முத்தைப் பெரிதாக்குவார், இல்லாத தோட்டைப் போடுவார்.

படத்தைப் பார்த்ததும் பெயர் சூட்டிவிடாமல் எண்ணுங்கள். எத்தனை வளையம், எத்தனை தொங்கல், ஓரத்தில் தொங்கல் முழுதா பாதியா, நடுக்கல் ஒற்றையா இரட்டையா. பிரிட்டிஷ் குடும்பத்தில் கதிர் வடிவ டியாராக்கள் மட்டுமே மூன்று இருந்தன. 1830இல் மூன்றாம் ஜார்ஜின் வைரங்களால் செய்தது, 1888இல் இளவரசி அலெக்சாண்ட்ராவுக்குப் பரிசாக வந்த, கொகோஷ்னிக் என்ற ரஷ்யத் தலையணி வடிவிலானது, 1919இல் அரசி மேரி செய்துகொண்டது. மூன்றையும் குழப்பாத பத்திரிகை அபூர்வம். கடைசியாகச் சொன்னதை 1947 நவம்பர் 20 அன்று இளவரசி எலிசபெத் மணப்பெண்ணாக அணியும் வேளையில் அதன் உலோகச் சட்டகம் முறிந்தது. நகைக்காரர் அவசரமாக ஒட்டிச் சரிசெய்தார். அன்றைய படங்களை உற்றுப் பார்த்தால் நடுவில் இரண்டு கதிர்களுக்கிடையே ஒரு சிறு இடைவெளி தெரியும். அப்படியொரு காயம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வடிவத்தை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், காயத்தை யாரும் நகலெடுப்பதில்லை.

படம் இடவலமாகத் திருப்பி அச்சாகியிருக்கக்கூடும். கார்ட்டர் என்ற பிரிட்டிஷ் உயர் விருதின் நீலப் பட்டை எப்போதும் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு வரும். பக்கத்தில் நிற்கும் ஆணின் கோட்டுப் பொத்தானும் உதவும். இவை மாறியிருந்தால் படத்தைத் திருப்பிவிட்டு நகையைப் பாருங்கள்.

கறுப்பு வெள்ளையில் நிறம் ஏமாற்றும். பழைய கண்ணாடித் தகடுகள் நீலத்தை வெளிறலாகவும் சிவப்பைக் கருமையாகவும் பதிந்தன. வெளிறிய கல் என்பதால் அது வைரமாகிவிடாது, நீலக்கல்லாக இருக்கலாம். கரியது மாணிக்கமாக இருக்கலாம்.

படத்தில் இருப்பது வாடகை நகையாகவும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். நான்காம் ஜார்ஜின் 1821 முடிசூட்டுக் கிரீடத்தில் பதித்த 12,314 வைரங்களும் வாடகைக்கு எடுத்தவை. விழா முடிந்து கற்கள் திரும்பிப் போயின. அணிந்ததெல்லாம் சொந்தம் என்று எழுதினால் உரிமைப் பத்தி முழுவதும் கெட்டுப்போகும்.

பொருளே கண்முன் கிடைத்தால்

ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளிலோ கண்காட்சியிலோ பொருளை நேரில் பார்க்க வாய்ப்பு வரும். 10 மடங்கு உருப்பெருக்கும் லூப் போதும். முன்பக்க அழகை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

18ஆம் நூற்றாண்டு வைரக் கட்டு பெரும்பாலும் வெள்ளியில் இருக்கும், பல நேரம் பின்புறம் மூடியபடி. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளிக்குப் பின்னால் தங்கம் சேர்ந்து, பின்புறம் திறந்தது. பிளாட்டினம் பரவலானது 1900ஐ ஒட்டித்தான். சார்லட் காலத்து நகை என்று காட்டப்படுவது பிளாட்டினத்தில் இருந்தால், கல் பழையதாக இருக்கலாம், கட்டு கண்டிப்பாக இல்லை. சிவப்புக் கல் செயற்கை மாணிக்கம் என்று ஆய்வகம் சொன்னால் அது 1880களுக்கு முந்தையது அல்ல, பெரும்பாலும் 1902க்குப் பின் வந்தது. முழு உருண்டையான வளர்ப்பு முத்து என்றால் முதல் உலகப் போர்க் காலத்துக்குப் பின் கோத்தது.

முத்திரைகள் தேதி சொல்லும். பிரெஞ்சு வேலையில் 1838 முதல் தங்கத்துக்குக் கழுகுத் தலை, 1912 முதல் பிளாட்டினத்துக்கு நாய்த் தலை. ரஷ்ய வேலையில் பெண் தலை முத்திரை 1899 முதல் 1908 வரை இடப்பக்கம் பார்க்கும், அதன்பின் 1917 வரை வலப்பக்கம் பார்க்கும். பிரிட்டிஷ் கல் நகைகளில் பழைய காலத்தில் முத்திரை இல்லாமலே இருப்பது சகஜம், அதை வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

நகைப்பெட்டி மூடியின் உட்புறப் பட்டுத் துணியில் கடையின் பெயரும் முகவரியும் பொன்னெழுத்தில் இருக்கும். கராட் 1911 வரை ஹேமார்க்கெட்டிலும், 1911 முதல் ஆல்பமார்ல் தெருவிலும், 1952 முதல் ரீஜன்ட் தெருவிலும் இருந்தது. முகவரி தெரிந்தால் பெட்டியின் காலம் தெரிந்துவிடும். பெட்டியின் காலம் மட்டும்தான். பழைய நகைக்குப் புதுப் பெட்டியும், நகை போனபின் வெறும் பெட்டியும் சந்தையில் உண்டு. நகை அதன் பள்ளத்தில் ஆடாமல் அசையாமல் உட்காருகிறதா என்று பாருங்கள்.

ஆய்வக அறிக்கையில் "டைப் டூ ஏ" என்றும், ஏலப் பட்டியலில் "கோல்கொண்டா வகை" என்றும் வரும். இரண்டும் கல்லின் தூய்மை பற்றிய சொற்கள், பிறந்த இடத்துக்குச் சான்று ஆகா. தென்னாப்பிரிக்காவில் 1905இல் கிடைத்த கலினன் வைரமும் அதே வகைதான்.

கல்லில் செதுக்கிய எழுத்து இருந்தாலும் அப்படியே நம்பக் கூடாது. தைமூர் மாணிக்கம் என்று பெயர் பெற்ற 352.5 காரட் கல் மாணிக்கமே அல்ல, ஸ்பினல் வகை. அதில் ஜஹாங்கீர் முதல் நாதிர் ஷா, அகமது ஷா துரானி வரை பெயர்கள் உண்டு. தைமூரிடம் அது இருந்தது என்ற கதை, பொறிப்பைத் தவறாகப் படித்ததால் வந்தது என்பது ஆய்வாளர் முடிவு. பொறிப்பின் படத்தைப் பாரசீகம் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, பழைய மொழிபெயர்ப்பைக் காட்டாமல் படிக்கச் சொல்லுங்கள். காட்டிவிட்டால் கண் அதையே படிக்கும்.

எழுதி முடிக்கும்போது

அருங்காட்சியகங்கள் உடைமை வரலாறு எழுதும் முறையில் நிறுத்தக்குறிக்குப் பொருள் உண்டு. நேராகக் கைமாறியது நிச்சயம் என்றால் அரைப்புள்ளி, இடைவெளி இருந்தால் முற்றுப்புள்ளி. ஏலப் பட்டியலைப் படிக்கும்போதும் இதைக் கவனியுங்கள். ஆற்காட்டின் சிறிய கல்லுக்கு இப்படி வரும்:

முகம்மது அலி வாலாஜா, ஆற்காட்டு நவாப்; அரசி சார்லட், பரிசாக, 1777 என்பர், இறப்பு 1818. ரண்டல் அண்ட் பிரிட்ஜ், லண்டன்; ராபர்ட் குரோஸ்வனர், முதல் வெஸ்ட்மின்ஸ்டர் மார்க்விஸ், 1837 ஜூலை ஏலத்தில்; வாரிசு வழியாக வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்குகள்; ஹாரி வின்ஸ்டன், 1959 ஜூன், சதபீஸ், லண்டன். கிறிஸ்டீஸ், நியூயார்க், 2019 ஜூன்.

இன்று தனியார் ஒருவர் கையில் இருக்கும் கல்லின் முகவரி உங்களுக்குத் தெரியவந்தால் அதை எழுத வேண்டாம். "தனியார் சேகரிப்பு" என்ற சொல் போதும்.

1818க்குப் பின் விழுந்த அந்த முற்றுப்புள்ளியில் தேட வேண்டியவை மூன்று: உயிலை நிறைவேற்றியவர்களின் கணக்கு, நான்கு இளவரசிகளுக்குப் பணம் வந்ததற்கான வரவு, நான்காம் ஜார்ஜுக்கு ரண்டல் அனுப்பிய ரசீதுகள். வின்ட்சருக்கு எழுதும்போது "ஆற்காடு வைரம் பற்றி ஏதாவது" என்று கேட்டால் பயன் இல்லை. 1818 நவம்பர் முதல் 1837 ஜூலை வரை, இந்த மூன்று வகைத் தாள்கள் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கிடைத்த நாளில் ஆவண எண்ணையும் பார்த்த தேதியையும் சேர்த்து, அந்தப் புள்ளியை அரைப்புள்ளியாக மாற்றிவிடலாம்.